‘சார்ஜரில்தான் இருக்கிறது’: செந்தூல் வீடொன்றில் பாதியில் திரும்பிய ரோபோ வேக்கும் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர், செந்தூலில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்தாவது மாடியில், ஏறக்குறைய 1,050 சதுர அடி பரப்புள்ள வீட்டில் இந்த நிகழ்வு நடந்தது. 68 வயதுத் தாயார், அவருடைய மகள், மருமகன், இரண்டாம் படிவத்தில் படிக்கும் பேத்தி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் பேரன் என ஐந்து பேர் அங்கு வாழ்கிறார்கள். மகள் மருத்துவமனையில் சுழல்நேர வேலை பார்க்கும் தாதி. மருமகன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஆகவே பகல் பொழுதின் பெரும்பகுதி தாயார் வீட்டில் தனியாக இருப்பார்.

2022 ஆம் ஆண்டு நவம்பரில் வாங்கிய, தானாகவே ஓடித் தரையைக் கூட்டும் ரோபோ வேக்கும், சுழலும் லேசர் மூலம் வீட்டை அளந்து வரைபடம் தீட்டும் வகையைச் சேர்ந்தது. அதில் 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயன் பேட்டரி இருக்கிறது. நாற்காலி, கட்டில், அலமாரி நிற்கும் இடங்களையும் சமையலறையையும் குளியலறைகளையும் கழித்துவிட்டால், அது கூட்ட வேண்டிய தரை 61 சதுர மீட்டர். முதல் இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் இவ்வளவையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டுத்தான் சார்ஜிங் மேடைக்குத் திரும்பியது.

2025 ஆம் ஆண்டின் முதல் பாதியில் அந்த வீட்டில் இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டன. ஜனவரியில் தாயாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதையொட்டி அவருடைய அறைக்கு மட்டும் வழுக்காத வினைல் தரை போட்டு, பழைய டைல்ஸும் புதிய தரையும் சந்திக்கும் வாசலில் கருப்பு ரப்பர் பட்டை ஒன்றைப் பதித்தார்கள். ஏப்ரலில் அதே மாடியில் பக்கத்து வீட்டின் மோடமும் தொலைக்காட்சியும் மின்னலில் கருகிப்போயின. அதற்குப் பிறகு இவர்கள் தொலைக்காட்சி, மோடம், ரோபோவின் சார்ஜிங் மேடை ஆகிய மூன்றையும் மின்னெழுச்சியை (மின்னழுத்தம் திடீரென எகிறுவதை)த் தடுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இணைத்து, அதைச் சுவரிலுள்ள ஒரே சுவிட்சில் பொருத்தினார்கள். ரோபோ வேக்கும் பற்றி என்னிடம் பேசியபோது இவ்விரண்டையும் யாரும் குறிப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

முறையீடு

வீட்டு மின்கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஜூன் மாத நடுவில் மகள் என்னை அழைத்து, தினமும் இரவு 8.30 மணிக்குத் தொடங்கும்படி வைத்திருக்கும் கருவி சில நாட்களில் 15 நிமிடத்திலும் சில நாட்களில் அரை மணி நேரத்திலும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது என்றும், பின்பக்க அறைகள் கூட்டப்படாமலே கிடக்கின்றன என்றும் சொன்னார். அவருடைய கவலை கருவியைப் பற்றியது மட்டுமன்று. கூட்டாமல் விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தாயாருக்கு மனம் ஒப்பவில்லை. மகள் வேலைக்குப் போன பிறகு துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கூட்டத் தொடங்கியிருந்தார். அறுவை செய்த முழங்கால் மீண்டும் வீங்கியிருந்தது.

முதல் வருகையும் என் தவறான முடிவும்

முதல் வருகையில் நான் அங்கு அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. மாலை 6 மணியளவில் சென்றேன். கருவிக்கான கைபேசிச் செயலியில் பேட்டரி 48 விழுக்காடு என்று காட்டியது. கருவியைத் திருப்பி, மூடியைக் கழற்றி மின்னழுத்தத்தை அளந்தபோது 14.9 வோல்ட் இருந்தது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய இத்தகைய பேட்டரி 16.8 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். “சார்ஜரில் எவ்வளவு நேரமாக இருக்கிறது?” என்று கேட்டேன். “எந்நேரமும் சார்ஜர்லதான் இருக்கு, தம்பி, நேத்து ராத்திரி போனதுதான்” என்றார் தாயார்.

ஓர் இரவும் ஒரு பகலும் சார்ஜரில் இருந்தும் பாதியளவுகூட ஏறாத பேட்டரி தேய்ந்துவிட்ட பேட்டரிதான் என்று முடிவு கட்டினேன். இரண்டரை ஆண்டுப் பயன்பாடு, நம் ஊர் வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த முடிவு இயல்பாகவே தோன்றியது. அதே அளவுள்ள புதிய பேட்டரி ஒன்றை 145 ரிங்கிட்டுக்கு வாங்கி, என் பட்டறையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினேன். அன்றிரவு கருவி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியது. குடும்பத்தார் மகிழ்ந்தார்கள். “என் அறைக்கு மட்டும் வரலையே” என்று தாயார் சொன்னதை, அடுத்த ஓட்டத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிக் கடந்துபோனேன். இந்த நிகழ்வில் நான் தவறவிட்ட முதல் தடயம் அதுதான்.

மூன்றாம் நாளே பழைய நிலை திரும்பியது. பதினோராம் நாள் மகள் மறுபடி அழைத்தார்.

ஒரு வாரக் குறிப்பு

புதிய பேட்டரியும் அதே குறையைக் காட்டியதால், எதையும் கழற்றுவதற்கு முன் பதிவுகளைப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். செயலியின் ஓட்ட வரலாறு, எத்தனை நிமிடம் ஓடியது, எவ்வளவு பரப்பு கூட்டப்பட்டது, ஏன் திரும்பியது என்பவற்றைக் காட்டியதே ஒழிய, புறப்படும்போது பேட்டரி எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டவில்லை. ஆகவே பேத்தியிடம், ஒரு வாரம் தினமும் இரவு 8.30-க்கு முன் அந்த எண்ணை மட்டும் ஒரு தாளில் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளை ஒரு நாளும் தவறாமல் எழுதிவைத்தது இந்த ஆய்வுக்குப் பேருதவியாக இருந்தது.

திங்கட்கிழமை 52 விழுக்காட்டில் புறப்பட்டு 29 நிமிடம் ஓடியது. செவ்வாய் 41-இல் 19 நிமிடம், புதன் 63-இல் 39 நிமிடம், வியாழன் 37-இல் 15 நிமிடம், வெள்ளி 46-இல் 24 நிமிடம், சனி 58-இல் 35 நிமிடம். இந்த ஆறு நாளும் பேட்டரி 20 விழுக்காட்டுக்கு இறங்கியதும் கருவி மேடைக்குத் திரும்பியிருக்கிறது. அதாவது எந்த நாளைக் கணக்கிட்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 1.1 விழுக்காடு செலவாகியிருக்கிறது. தேய்ந்த பேட்டரி இப்படி ஒழுங்காக இறங்குவது அரிது. அதன் எண் பாதி வழியில் திடீரெனச் சரியும். எனவே ஓடும்போது பேட்டரியில் குறை இல்லை, புறப்படும்போதே அது அரைகுறையாக இருக்கிறது என்பது தாளைப் பார்த்ததும் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனித்து நின்றது. அன்று 100 விழுக்காட்டில் புறப்பட்டு, 56 நிமிடம் ஓடி, 51 சதுர மீட்டரைக் கூட்டி, 38 விழுக்காடு மீதம் இருக்கும்போதே ‘வேலை முடிந்தது’ என்று அறிவித்துத் திரும்பியிருந்தது. விடுபட்ட 10 சதுர மீட்டரும் தாயாரின் அறை. மற்ற ஆறு நாளும் கருவி மின்சாரம் இல்லாமல் திரும்பியது. ஞாயிறன்று மின்சாரம் இருந்தும் திரும்பியது. ‘பாதியில் நின்றுவிடுகிறது’ என்று வீட்டார் ஒரே சொல்லில் சொன்னவை இரண்டு வெவ்வேறு குறைகள் என்பது இங்கேதான் பிடிபட்டது.

மாலை நாலு மணி

இரண்டாம் வருகைக்கு ஒரு வேலை நாளின் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். கருவி ஓடும் நேரத்தில் அன்றி, அது சும்மா இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க விரும்பினேன். பகல் 2 மணிக்குப் போய் உட்கார்ந்தேன். தாயார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மேடையின் சிறுவிளக்கு எரிந்தது, பேட்டரியும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

4 மணியை நெருங்கும்போது மேற்கே வானம் கறுத்தது. இடி இன்னும் கேட்கவில்லை. தாயார் எழுந்து, கைத்தடியின் நுனியைச் சோபாவுக்குப் பின்னால் நீட்டி, சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்த சுவிட்சை அழுத்தினார். குனிய முடியாத நிலையில் அவர் கண்டுபிடித்திருந்த வழி அது. தொலைக்காட்சி அணைந்தது, மோடம் அணைந்தது, சார்ஜிங் மேடையின் விளக்கும் அணைந்தது. ரோபோ வேக்கும் மேடையை விட்டு நகரவே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னும் ‘சார்ஜரில்’ இருந்தது.

அதன்பின் நாள் முழுவதற்குமான விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இரவு 10.30-க்குக் கடைசியாகப் படுக்கப் போகிறவர் அந்தச் சுவிட்சை அணைப்பார். காலையில் யாரும் போடுவதில்லை. பகல் உணவுக்குப் பின் தொலைக்காட்சிக்காகத் தாயார் போடுவார். மழை மூடினால் அணைப்பார். இரவு 7.30-க்கு மறுபடி போடுவார்கள். ஆக, வேலை நாட்களில் காலை முதல் கருவி புறப்படும் இரவு 8.30 வரை மேடைக்கு மின்சாரம் கிடைத்தது மொத்தம் மூன்று மணி நேரத்தை ஒட்டியே. இந்தக் கருவிக்கு 20-லிருந்து 100 விழுக்காடு ஏற நாலரை மணி நேரம் தேவை. மின்சாரமில்லாத மேடையில் நிற்கும்போதும் வைஃபை இணைப்புக்காகவும் உள்மின்சுற்றுக்காகவும் அது பேட்டரியைச் செலவழித்துக்கொண்டே இருந்தது. ஞாயிறன்று காலையிலேயே தொலைக்காட்சி ஓடத் தொடங்கிவிடுவதால் அன்று மட்டும் பேட்டரி நிறைந்தது.

இன்னொரு விவரமும் இதோடு சேர்ந்துகொண்டது. பேட்டரி குறைந்து திரும்பினால், சார்ஜ் ஏறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இந்தக் கருவியில் உண்டு, அது இயக்கத்திலும் இருந்தது. ஆனால் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை ‘தொந்தரவு செய்யாதே’ நேரம் என்று கருவியிலேயே அமைந்திருந்தது. அந்த நேரத்தில் அது தானாகத் தொடராது. 9 மணியளவில் திரும்பிய கருவிக்குப் போதிய சார்ஜ் ஏறுவதற்குள் 10 மணி கடந்துவிடும். அரை மணி நேரத்தில் சுவிட்சும் அணைந்துவிடும். தொடர்வதற்கான வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை.

வரைபடத்தில் இருந்தும் கூட்டப்படாத அறை

தாயாரின் அறைக்கான காரணத்தை வரைபடமே காட்டியது. அறையின் சுவர்கள் வரைபடத்தில் தெளிவாக இருந்தன, ஆனால் உள்ளே கருவி ஓடிய கோடு ஒன்றுகூட இல்லை. கதவு மூடியிருந்தால் லேசருக்கு அறையே தெரிந்திருக்காது. ஆகவே கதவு திறந்திருக்கிறது, கருவி உள்ளே பார்க்கிறது, ஆனால் நுழைய மறுக்கிறது. வாசலருகே கோடுகள் மூன்று நான்கு முறை வந்து வந்து திரும்பியிருந்தன.

கருவியின் அடிவயிற்றில், படி விளிம்பில் விழாமல் காப்பதற்கான சென்சார்கள் உள்ளன. அவை அகச்சிவப்புக் கதிரைத் தரையை நோக்கி அனுப்பி, எதிரொளி திரும்புகிறதா என்று பார்க்கும். திரும்பாவிட்டால் எதிரே பள்ளம் என்று கொள்ளும். கருப்புப் பரப்பு அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், ஜனவரியில் பதித்த ரப்பர் பட்டை கருவியின் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. போதாததற்கு, சென்சார்களின் சிறு கண்ணாடிகளில் வெண்மையான மெல்லிய படலம் ஒன்று படிந்திருந்தது. கூடத்தின் மூலையில் சாமி மேடை இருக்கிறது. அங்கு சிந்தும் திருநீறும் ஊதுபத்திச் சாம்பலும்தான் அது. உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டுச் சோதித்தபோது ஐந்து முறையில் மூன்று முறை பட்டையைக் கடந்தது. இது முன்னேற்றம்தான், ஆனால் நம்பும் அளவுக்கு இல்லை.

தூரிகையின் இரு முனைகளிலும் எண்ணெய் தோய்ந்த நீண்ட தலைமுடி விரல் பருமனுக்குச் சுற்றியிருந்தது. வடிகட்டியில் திருநீறு அப்பிக்கிடந்தது. இரண்டையும் சுத்தம் செய்தேன். இவை உறிஞ்சும் வலிமையைக் குறைக்கும், மோட்டாருக்குச் சுமையையும் கூட்டும். ஆயினும் சுத்தம் செய்த பிறகு ஓடிய நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேறுபாடு தென்படாததால், இந்த வீட்டில் இவை காரணம் அல்ல என்றே பதிவு செய்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சுவிட்சை அணைக்காதீர்கள் என்று தாயாரிடம் சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். மின்னெழுச்சித் தடுப்பான் அருகில் விழும் மின்னலின் முழு வேகத்தையும் தாங்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஒவ்வோர் எழுச்சியையும் தாங்கும்போது அதன் உள்ளிருக்கும் பாகமும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. உண்மையில் அவர் செய்தது போதுமானதாகக்கூட இல்லை. அந்தச் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிப்பது என்பதால், இடி நேரத்தில் பிளக்கையே கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. எனவே அவருடைய பழக்கத்தை மாற்றாமல், அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி கருவியின் அன்றாட நேரத்தை மாற்றுவது என்று மகளோடும் தாயாரோடும் கலந்து முடிவெடுத்தோம்.

முதலில் சார்ஜிங் மேடையைத் தொலைக்காட்சியின் எக்ஸ்டென்ஷனிலிருந்து பிரித்து, நடைபாதையில் இடுப்பளவு உயரத்தில் தனியாக இருந்த பிளக் பாயிண்டுக்கு மாற்றினோம். தாயார் நின்றபடியே பிளக்கைக் கழற்றவும் மாட்டவும் அந்த உயரம் ஏற்றது. அங்கே இரவு முழுவதும் மின்சாரம் இருக்கும். ஓடும் நேரத்தை இரவு 8.30-லிருந்து காலை 9.30-க்கு மாற்றினோம். கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். காலை 11 மணிக்குள் வேலை முடிந்துவிட்டால், மழை மூடும்போது பிளக் கழன்றிருந்தாலும் கருவிக்கு நட்டமில்லை. ‘தொந்தரவு செய்யாதே’ நேரத்தைத் தொடவே தேவை இருக்கவில்லை.

கருப்புப் பட்டை விஷயத்தில், சென்சார்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடலாமே என்று மருமகன் கேட்டார். பலர் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் குளியலறைத் தரையும் சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடமும் கூடத்தைவிடத் தாழ்ந்தவை. சென்சாரை மூடிவிட்டால் கருவி அங்கே கவிழ்ந்து விழும். அதைத் தூக்கக் குனியப் போகிறவரும் தாயாராகவே இருப்பார். ஆகவே கருவியைத் தொடாமல், ரப்பர் பட்டையின் மேல் வெளிர் சாம்பல் நிறத்தில், வழுக்காத மெல்லிய ஒட்டுப்பட்டையைப் போட்டோம். அவர் கால் தடுக்காத அளவுக்கு அது மெல்லியதா என்று அவரையே பலமுறை நடக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அழுத்தி ஒட்டினேன். சாமி மேடையைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு நுழையக் கூடாத பகுதி என்று செயலியில் குறித்தேன். சிந்தும் திருநீற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே வடிகட்டிக்கு நல்லது.

கடைசியாகப் பேட்டரி. கழற்றிய பழைய பேட்டரியை நான் எறியாமல் வைத்திருந்தேன். பட்டறையில் முழுமையாக ஏற்றி இறக்கி அளந்தபோது 4,300 மில்லி ஆம்பியர் மணி தந்தது. இது தொடக்கக் கொள்ளளவில் ஏறக்குறைய 83 விழுக்காடு. அந்த வீட்டுக்கு அதுவே போதும். புதியதைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் பொருத்தி, 145 ரிங்கிட்டையும் திருப்பிக் கொடுத்தேன். கொள்ளளவு சற்றுக் குறைந்திருப்பதை ஈடுகட்ட, உறிஞ்சும் வேகத்தை ‘வலுவானது’ என்பதிலிருந்து ‘வழக்கமானது’ என்பதற்கு இறக்கினேன்.

பின்னர் நடந்தது

மறுநாள் காலை கருவி 100 விழுக்காட்டில் புறப்பட்டு, சாமி மேடையைச் சுற்றிய பகுதி நீங்கலாக மற்ற இடம் முழுவதையும் 67 நிமிடத்தில் கூட்டி, 29 விழுக்காடு மீதத்தோடு திரும்பியது. தாயாரின் அறைக்குள் ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நுழைந்தது அன்றுதான். அடுத்த இரண்டு வாரங்களுக்கும் பேத்தி குறிப்பு எழுதினாள். 14 நாளில் 13 நாள் முழு ஓட்டம். மீதமுள்ள ஒரு நாள், முந்தைய மாலை மழைக்குக் கழற்றிய பிளக்கை மறுபடி மாட்ட மறந்திருக்கிறார்கள். அதற்கு மறுநாள் மருமகன் பிளக் பாயிண்டின் மேல் ‘மழை விட்டதும் மாட்டவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்.

அக்டோபரில் மாலை மழை வலுத்திருந்த நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒட்டுப்பட்டையின் ஓரம் ஈரத்தில் உரியத் தொடங்கியிருந்தது, கருவி இரண்டு நாள் அறைக்குள் போகாமல் விட்டிருந்தது. பட்டையை மாற்றினேன். கருப்பு ரப்பரை எடுத்துவிட்டு வெளிர் நிறத்தில் ஒன்றைப் பதிப்பதே நிலையான தீர்வு என்று மகளிடம் தெரிவித்திருக்கிறேன். தாயாரின் முழங்கால் வீக்கம் வடிந்திருந்தது. துடைப்பம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

இனி மாற்றிக்கொள்வது

வேலைக்குப் போகும்போது நான் எடுத்துச் செல்லும் குறிப்பேட்டில், ‘சார்ஜரில் எவ்வளவு நேரம் இருந்தது?’ என்ற கேள்வியை அடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத் தாயார் சொன்ன விடை முற்றிலும் உண்மை, கேள்விதான் பிழை. அதற்குப் பதிலாக, ‘சார்ஜருக்கு மின்சாரம் எந்தச் சுவிட்ச் வழியாக வருகிறது, ஒரு நாளில் அதை யார், எப்போது அணைக்கிறார்கள்?’ என்று எழுதியிருக்கிறேன். அரைகுறையாக ஏறிய பேட்டரியை மின்னழுத்தம் பார்த்துக் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டேன். என் கண்முன்னே நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றிவிட்டு அளந்த பிறகே மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறேன். வரைபடம் காட்டும் கருவியானால், கடைசி ஓட்டத்தின் வரைபடத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கே கிளம்புகிறேன். செந்தூல் வீட்டில் அதை முதல் நாளே கேட்டிருந்தால், வாசல் வரை வந்து திரும்பிய அந்தக் கோடுகள் பேட்டரியை வாங்கும் முன்பே என் கண்ணில் பட்டிருக்கும்.